மலர்ப் போரும் மனைத் தோட்டமும்

போருக்கு மலரின் பெயரை இட்டவர் தமிழர். ஆநிரை கவர்தல் வெட்சி. அதனை மீட்டல் கரந்தை. பகைவர் மண்மேற் செல்லுதல் வஞ்சி. மதிலை வளைத்தல் உழிஞை. மதிலைக் காத்தல் நொச்சி. களத்திற் பொருதல் தும்பை. வென்று மீளுதல் வாகை. தன் நாட்டின்மேல் வந்த பகையை எதிர்நின்று தடுக்கும் மன்னனுக்கு ஐயனாரிதனார் தமது புறப்பொருள் வெண்பாமாலையிற் காஞ்சி மலரைச் சூட்டினார். அவருக்கு நெடுங்காலம் முன்னரே தொல்காப்பியனார், காஞ்சி என்னும் பெயரால் உலகத்தின் நிலையாமையை உணர்த்தினார். தன் மண்ணைக் காப்பவன் அணியும் மலருக்கும், மாண்டாரை எண்ணி நிலையாமையை உணரும் உணர்வுக்கும் ஒரே பெயர் வாய்த்தமை எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

இவை ஏட்டுச் செய்திகள் என்று நம் மாணாக்கர் கருதக்கூடும். ஆயின், மலரோடு மலர் பொருத போரொன்று நம் இலங்கைத் தீவிலேயே, 1930களில், கொழும்பு நகர வீதிகளில் நடந்தது. ஒருபுறம் மேனாட்டுப் பொப்பி. மறுபுறம் சிங்கள மக்கள் சூரியமல் என்றும் நாம் பூவரசு என்றும் வழங்கும் மலர். அப்போரின் விளைவு பின்னர்ச் சப்ரகமுவ மலைச்சாரலுக்கே வந்து சேர்ந்தது. கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவொன்றில் அமைந்த என் மனைத் தோட்டத்தில் இவ்விரு செடிகளையும் வளர்த்து, இரண்டையும் படம் பிடித்து வந்துள்ளேன். மண்ணிலும் படத்திலும் அவை எனக்குக் கற்பித்தவற்றை இங்கே கூறுகின்றேன்.

முதலிற் பொப்பி எது என்பதைத் தெளிவாக்க வேண்டும். பெயர்க் குழப்பம் இங்கே மிகுதி. தமிழகத்தார் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடி எனப்படும் பொப்பியின் விதை. இலங்கையில் சர்பத்திலும் பலூடாவிலும் ஊறி மிதக்கும் கசகசாவோ திருநீற்றுப்பச்சையின் விதை; பெயர் ஒன்று, பொருள் வேறு. அபினிச் செடியை உரிமம் இன்றி இந்நாட்டிற் பயிரிடுதல் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. யான் வளர்த்தது அதுவன்று. ஐரோப்பாவின் கோதுமை வயல்களிற் களையாக முளைக்கும் செந்நிறப் பொப்பியின் வழிவந்த தோட்டவகை அது, அபினி தருவதன்று. இக்குடும்பத்தைச் சேர்ந்த செடியொன்று நம்மவர்க்குப் பழக்கமானதே. வறண்ட நிலத்து வழியோரங்களில் முள் நிறைந்த இலையும் மஞ்சள் மலருமாய் நிற்கும் பிரமதண்டுதான் அது. அதன் விதை கடுகோடு கலந்து எண்ணெயாகிவிட்டால், அதனை உண்டோருக்கு உடல் வீங்கும் நோய் உண்டாகும். ஒரே குடும்பத்தில் அழகும் மருந்தும் நஞ்சும் கூடிப் பிறந்திருக்கின்றன.

தோட்டப் பொப்பியின் வரலாறும் ஒரு மனைத் தோட்டத்திலேயே தொடங்குகின்றது. இங்கிலாந்தில் ஷேர்லி என்னும் ஊரின் பங்குக் குருவாயிருந்தவர் வில்லியம் வில்க்ஸ். 1880ஆம் ஆண்டளவில், தம் தோட்டத்தின் திருத்தப்படாத மூலையொன்றில், செவ்விதழின் விளிம்பில் மெல்லிய வெண்கரை படர்ந்த பொப்பி மலர் ஒன்றை அவர் கண்டார். அதனை அடையாளமிட்டு, அதன் விதையைச் சேர்த்து, மறு ஆண்டு விதைத்தார். வெண்கரை உடையனவற்றையே தெரிந்து, ஆண்டுதோறும் அவ்வாறே செய்து வந்தார். இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த ஒரு புதிய வரிசை அவர் கையிற் பிறந்தது. பெரிய ஆய்வுகூடம் அவருக்கு இல்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும் பொறுமையுமே இருந்தன. ஆசிரியர்க்கு வேண்டியனவும் இவ்விரண்டே அல்லவா?

சப்ரகமுவவில் பொப்பி வளர்ப்பது எளிதன்று. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பொழிகின்றது. கேகாலையின் மலைச்சரிவுகளும் ஈரத்திற் குறைந்தவை அல்ல. பொப்பியோ குளிர்ந்த இரவையும், தெளிந்த வெயிலையும், நீர் தங்காத மெலிந்த மண்ணையும் விரும்புவது. எனவே பெருமழை ஓய்ந்த மார்கழியில் விதைக்க வேண்டும். தை மாதத்துக் குளிர் அதற்குத் துணைநிற்கும். விதை தூசிபோல் நுண்ணியது. உலர்ந்த மணலோடு கலந்து மண்ணின் மேலே தூவினாற் போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது. வேர் ஒற்றையாய்க் கீழ் நோக்கி ஓடுவதால் பறித்து நடுதலையும் அது பொறாது. தூவிய இடத்திலேயே நெருக்கத்தைக் களைந்து வளர்க்க வேண்டும். நுவரெலியாவில் விதைக்கடையொன்றில் வாங்கிய சிறு பொதியைத் தாழ்வார ஓரத்துச் சட்டிகளில் தூவினேன். பல நாற்றுகள் ஈரத்தால் தண்டழுகி வீழ்ந்தன. எஞ்சியவை மாசி மாதத்தில் மொட்டு விட்டன.

பொப்பியின் மொட்டு நாணமுற்ற சிறுமிபோல் தலை கவிழ்ந்து நிற்கும். மலரும் வேளை நெருங்கியதும் காம்பு நிமிரும். புறத்தே மூடிய இரண்டு புல்லிதழ்களும் கழன்று வீழும். உள்ளே கசங்கிக் கிடந்த நான்கு இதழ்களும் பட்டுத்துணியைப் பிரித்தாற்போல் விரியும். காலையில் விரிந்த மலர் பெரும்பாலும் ஓரிரு நாளிலே உதிர்ந்துவிடும். ஆதலின் அதனைப் படம் பிடிக்க விரும்புவோன் விடியுமுன் எழுதல் வேண்டும்.

படம் பிடித்தலில் யான் கற்ற பாடங்கள் இரண்டு. செந்நிறம் கமராவை ஏமாற்றும். வெயில் ஏறியபின் எடுத்த படத்தில் இதழின் மடிப்பும் நரம்பும் மறைந்து, செம்மைக் குழம்பைக் கொட்டினாற் போன்ற ஒரு தட்டையான நிறமே தெரியும். அதிகாலை ஒளியிலோ மேக மூட்டத்திலோ எடுத்து, உட்புகும் ஒளியின் அளவையும் சற்றே குறைத்தால் நரம்புகள் புலப்படும். இஃது ஒன்று. மற்றொன்று, கதிரவனை முதுகுக்குப் பின் வைத்து எடுப்பதிலும், மலரை நமக்கும் கதிரவனுக்கும் இடையில் நிறுத்தி எடுப்பதே நன்று. இதழ் மெல்லியதாகலின் ஒளி அதனுள் ஊடுருவி, மலர் தானே விளக்காகி நிற்கும். கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணாக்கரும் இவ்விரண்டையும் செய்து பார்க்கலாம்; விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை.

ஓரிரு நாளில் உதிரும் இம்மலர், இறந்தோரை மறவாதிருத்தற்கு அடையாளமானது எவ்வாறு? அதன் விடை விதையில் இருக்கின்றது. பொப்பியின் விதை மண்ணுள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லது. மண் கிளறப்பட்டு ஒளி பட்டாலன்றி அது விழிப்பதில்லை. முதலாம் உலகப் போரில், பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் நிலத்தைப் பீரங்கிக் குண்டுகள் புரட்டிப் போட்டன; புதைகுழி தோண்டிய மண்வெட்டிகளும் புரட்டிப் போட்டன. உறங்கிய விதைகள் விழித்தன. சவக்குழிகளின் இடையே செம்மலர்கள் பூத்தன. கனடா நாட்டுப் படை மருத்துவராகிய ஜோன் மக்ரே, தம் நண்பரை இழந்த துயரத்தில், 1915ஆம் ஆண்டு மே மாதம் அக்காட்சியை ஒரு கவிதையாக்கினார். அக்கவிதை உலகெங்கும் பரவிற்று. 1921ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் முதலாகப் பிரித்தானியாவில், போரில் ஊனமுற்றோர்க்கும் மாண்டோர் குடும்பத்தார்க்கும் உதவும் பொருட்டுப் பொப்பி மலர் விற்கும் வழக்கம் ஏற்பட்டது. நிலையாமையை உணர்த்தும் நம் காஞ்சிக்கும் இதற்கும் வேற்றுமை என்ன? மலரின்மீது எப்பழியும் இல்லை.

பழி மலர் கடல் கடந்த வகையில் நேர்ந்தது. ஆட்சியாளரோடு அவ்வழக்கமும் இலங்கைக்கு வந்தது. இங்குப் பாடசாலைப் பிள்ளைகளும் நவம்பர் தோறும் பொப்பி வாங்கினர். சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரர்க்குச் சென்றது. அதே போரிற் பணிபுரிந்து திரும்பிய இலங்கையர்க்குக் கிட்டியது சிறிதே. இம்முறைமை தகாது எனக் கண்ட முன்னாட் படைவீரர் ஏலியன் பெரேரா, 1931ஆம் ஆண்டில், அதே நவம்பர் 11ஆம் நாளில், இந்நாட்டு வீரர்க்கு உதவச் சூரியமல் விற்கும் வழக்கத்தைத் தொடங்கினார். பொப்பிக்குப் பகையாக அன்று. அதன் அருகில் நம் மலரும் நிற்கட்டும் என்ற அளவில் அது தொடங்கிற்று.

1933ஆம் ஆண்டில் நிலை மாறிற்று. இங்கிலாந்திற் பிறந்து இங்கே ஆசிரியப் பணி செய்த டொரீன் யங் என்னும் பெண்மணி, ‘மலர்களின் போர்’ எனப் பொருள்படும் தலைப்பில் சிலோன் டெயிலி நியூஸ் ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். தம் நாட்டு முதியோரையும் ஊனமுற்றோரையும் விட்டு, தொலைவிலுள்ளோர்க்காக இந்நாட்டுப் பிள்ளைகள் காசு கொடுக்குமாறு செய்தல் எவ்வாறு பொருந்தும் என்று அவர் வினவினார். அவருடைய நாட்டவரே அவரை இகழ்ந்தனர். தென்கொழும்பு வாலிபர் சங்கத்தார் இயக்கத்தைத் தம் கையில் ஏற்றனர். வீதியின் ஒருபுறம் பொப்பி விற்போர். மறுபுறம் சூரியமல் விற்கும் இளைஞரும் பெண்களும். வஞ்சியும் காஞ்சியும் எதிரெதிர் நின்றன என்பேன். புறத்திணை நூலை அறியாத பெண்மணியொருவர் அதே முறையில் தம் கட்டுரைக்குப் பெயரிட்டதைக் காணும்போது, பழந்தமிழர் கண்ட உண்மை எம்மொழியார்க்கும் பொதுவானது என்பது விளங்குகின்றது. மற்றொன்றையும் குறிக்க வேண்டும்: பொப்பியின் நாட்டிற் பிறந்தவரே பூவரசின் பக்கம் நின்றார். ஆகவே அது இனப்பகை அன்று. நீதி பற்றிய வழக்கு.

இனிப் பூவரசைப் பார்ப்போம். காஞ்சி மரத்துக்கு ஆற்றுப்பூவரசு என்று அகராதியிற் பொருள் காண்கின்றோம். அது வேறு மரம். பூவரசோடு அதற்குள்ளது பெயரளவான உறவே. ஆயினும் அப்பெயருறவை எண்ணி மகிழ்தல் தமிழாசிரியனுக்குத் தடையாகாது. அரசின் இலைபோன்ற இலையும், அரசுக்கு இல்லாத கண்கவர் பூவும் உடைமையாற் பூவரசு ஆயிற்று. கடற்கரைக்கு உரிய மரமாயினும் உள்நாட்டிலும் செழித்து வளரும். யாழ்ப்பாணத்தில் இதன் கிளையைக் கதியாலாக நட்டு வேலியாக்குவர். இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் ஊதுவர். மழைக்காலத்தில் முற்றிய கிளையொன்றை வெட்டி ஊன்றினாற் போதும், அது மரமாகும். பொப்பிக்குச் செய்த பணிவிடையில் பத்தில் ஒரு பங்கும் இதற்குத் தேவைப்படவில்லை.

ஆனால் படம் பிடிக்கையில் இதுவே அரிய மலர். காலையில் இளமஞ்சள் நிறத்தில், அடியிற் கருஞ்சிவப்புப் பொட்டோடு மலரும். முழுதும் விரியாது, மணிபோல் சற்றுக் கவிழ்ந்து நிற்கும். பொழுது ஏற ஏற மஞ்சள் மங்கி, மாலையிற் செம்மை படர்ந்து, வாடும்போது ஊதா கலந்த சிவப்பாய் முடியும். பின்னர் உதிரும். ஆகவே ஒரு படம் பூவரசைக் காட்டாது, மூன்று வேண்டும். கிளையின் கீழே முக்காலியொன்றை அசையாது வைத்து, காலை ஏழு மணிக்கும் நண்பகலிலும் மாலை ஐந்து மணிக்கும் ஒரே மலரை எடுத்தேன். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தபோது, ஓர் ஆளின் பிள்ளைப் பருவமும் நடுவயதும் முதுமையும் ஒரு சட்டத்துள் அமைந்தாற்போல் இருந்தது. பொப்பி சாவை நினைவூட்டும் மலராயின், பூவரசு வாழ்க்கை முழுவதையும் ஒரே பகலில் நடித்துக் காட்டும் மலர்.

கொழும்பு வீதியிற் பூ விற்ற கைகள் மெய்யான சோதனைக்கு உள்ளானது நம் கேகாலை மாவட்டத்திலேயாகும். 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. நீர் வற்றிய ஆறுகள் மணலிடையே தெளிந்த குட்டைகளாய்த் தேங்கின. வெயில் படும் அத்தகைய தெளிநீரிலேயே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகும். ஆண்டின் இறுதியில் தொடங்கிய கொள்ளைநோய் 1935இலும் தொடர்ந்து, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாண்டோருட் பெருந்தொகையினர் குழந்தைகளும் சிறுவரும். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாகத் தாக்குண்டன. அப்போது சூரியமல் இயக்கத்தார் மருந்தும் உணவும் சுமந்து இவ்வூர்களுக்கு வந்தனர். டொரீன் யங்கின் கணவர் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும், இலங்கைத் தமிழரொருவரை மணந்து இங்கேயே வாழ்ந்த கனடா நாட்டு மருத்துவர் மேரி இரத்தினமும் உடன் பணிபுரிந்தனர். வீடுவீடாகப் பருப்புக் கொண்டு சென்ற என். எம். பெரேராவை மக்கள் ‘பரிப்பு மஹத்தயா’ என்று அழைத்தனர். பருப்பு ஐயா என்பது பொருள். 1935ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றிற்று; 1936ஆம் ஆண்டு அவர் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். மாண்டார்க்காக மலர் விற்கத் தொடங்கியோர், சாகின்றவரைக் காக்க வந்து நின்றனர். நினைவு மலருக்கு இதனினும் உயர்ந்த பயன் உண்டோ?

போர்க்களத்தில் மாண்டோர்க்குத் தூண்கள் உண்டு. பெயர் பொறித்த பலகைகள் உண்டு. காய்ச்சலில் மாண்டோர்க்கு இப்பக்கத்தில் நடுகல் ஒன்றையும் யான் கண்டதில்லை. தேயிலைக்கும் இறப்பருக்கும் காடழித்து மாண்ட நம் தோட்டத்து முன்னோர்க்கும் அவ்வாறே. இதனை எண்ணியே, எங்கள் மாணாக்கரிடம் லயத்து வாசலில் ஆளுக்கொரு பூவரசங் கிளையை ஊன்றுமாறு கூறினேன். மறுநாள் ஒரு மாணவியின் பாட்டியார் என்னிடம் வந்தார். “செவ்வந்தி வச்சா மூணு மாசத்துல பூக்கும், மாஸ்டர். மரம் வைக்கணும்னா மண்ணு நம்மளதா இருக்கணுங்களே?” என்றார்.

அவ்வினாவுக்கு இலக்கண நூலில் விடை இல்லை. லயத்து முற்றங்களைப் பாருங்கள்: டேலியா, செவ்வந்தி, பல்சம் எனச் சில மாதங்களிற் பூத்து மாயும் செடிகளே மிகுதி. அழகுணர்ச்சி குறைந்ததால் அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974வரை தீர்க்கப்படவில்லை. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று அறியாதவர் மரம் நடுவாரோ? 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோர்க்குக் குடியுரிமை அளித்தது. ஆயின் லயத்து முற்றத்தின் மண் யாருடையது என்னும் வினா இன்னும் பலர்க்குத் தீரவில்லை. பொப்பியின் விதைபோல் நம் மக்கள் மண்ணுள் காத்துக் கிடந்தனர். பூவரசுபோல் ஊன்றி நிற்கும் உரிமையே அவர்க்கு வேண்டுவது.

அப்பாட்டியாரிடம், “மண் யாருடையதாயினும் அம்மா, அதில் உழைத்து மடிந்தவர் நம்மவர் அல்லவா?” என்று மட்டும் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், காய்ச்சற் காலத்தில் இரு குழந்தைகளை ஒரே கிழமையில் பறிகொடுத்த ஒரு வீட்டைப் பற்றித் தம் தாயார் சொல்லக் கேட்டதைக் கூறினார். அக்குழந்தைகளின் பெயர்கள் அவருக்கு நினைவிருந்தன. மாணவி அவற்றைத் தன் அப்பியாசக் கொப்பியில் எழுதி, தான் பிடித்த பூவரசம்பூப் படத்தின் கீழ் ஒட்டினாள். மற்ற மாணாக்கரும் தத்தம் வீட்டு முதியோரைக் கேட்டு ஒவ்வொரு பெயர் கொணர்ந்தனர். வகுப்பறைச் சுவர் ஒரு நடுகல்லாயிற்று.

இன்றும் நம் நாட்டில் நவம்பர் மாதத்திற் பொப்பி மலர் அணிவோர் உளர். அப்பணம் இப்போது இந்நாட்டுப் படையிற் பணிபுரிந்தோர் நலனுக்காகச் சேர்க்கப்படுகின்றது. அணிவோர் அணிக. பொப்பியை வளர்க்க விரும்புவோர் மார்கழியில் விதைத்து மாசியிற் படம் பிடிக்க. அதன் அழகை மறுப்பார் இலர். ஆயின் எம்மலரை அணியினும், ‘இஃது எவருக்காக?’ என்று வினவும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவது ஆசிரியராகிய நம் கடமை. நினைக்கப்படுவோரின் வரிசையில் எவருடைய பெயர் விடுபட்டிருக்கின்றது என்று கேட்கத் தெரிந்த மாணாக்கனே புறத்திணையை உள்ளவாறு கற்றவன்.

வரும் மழைக்காலத்தில் ஒரு பூவரசங் கிளையை ஊன்றுங்கள். அது பூக்கச் சில ஆண்டுகள் செல்லும். அதற்குள் முதியோரிடம் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். மரம் காத்திருக்கும், முதியோர் காத்திரார்.